ஒரு சொல்லுக்காக ஒன்றுபட்டவர்கள்
அருட்தந்தை ஜெரோம் டிசூசா, சே.ச. – வாழ்வும் பணியும்



ஜூபிலி மலரில் பங்குத்தந்தையும் ஒரு கட்டுரை எழுதித் தீரவேண்டும் என்பது மலர்க் குழுவினர் எனக்கு இட்ட அன்புக் கட்டளை. நம் பங்கின் வரலாற்றைப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆலயக் கட்டடத்தின் கதையும் வேறு பக்கத்தில் வருகிறது. எனக்கு என்ன மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, சில மாதங்களுக்கு முன் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது.

நம் பகுதியைச் சேர்ந்த சி.எஸ்.ஐ. சபைக் குருவானவரும், பெந்தெகொஸ்தே சபைப் போதகர் ஒருவரும் அறைவீட்டுக்கு வந்திருந்தார்கள். நகரத்துக் கல்லறைகளில் இடம் போதவில்லை. அரசாங்கத்திடம் எல்லாச் சபையாரும் சேர்ந்து ஒரு மனு கொடுக்கலாமா என்று கேட்க வந்தார்கள். மூவரும் கையெழுத்திட்டோம். அவர்கள் போனபின், வாசலில் நின்றிருந்த நம் பங்குப் பெரியவர் ஒருவர், தயங்கித் தயங்கி என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவர்கள் கூட்டத்தில் நம் மாதாவைப் பற்றிப் பேசுவது சாமிக்குத் தெரியாதா, அப்படிப்பட்டவர்களோடு நாம் ஒரே தாளில் கையெழுத்துப் போடலாமா என்பதே அவர் கேள்வி.

அது வெறுப்பில் பிறந்த கேள்வி அல்ல, விசுவாசத்தில் பிறந்த கேள்வி. ஆகவே அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே பதிலாகத் தந்த ஒரு குரு நம் சென்னையில் இருந்தார். அவர் கதையை இங்கே சொல்கிறேன்.

இளமையும் அழைத்தலும்

அருட்தந்தை ஜெரோம் டிசூசா 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், ஆண்டவர் உருமாறிய திருநாளன்று, மங்களூரில் பிறந்தார். பழைய கத்தோலிக்கக் குடிகள் நிறைந்த ஊர் அது. இளமையிலேயே கல்வியில் சிறந்து விளங்கிய அவர் சேசு சபையில் சேர்ந்தார். ஐரோப்பாவில் வேதசாஸ்திரம் பயின்று குருவானபின் தமிழகம் திரும்பி, திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் கற்பித்தார். ஆங்கில இலக்கியத்தில் தேர்ந்தவர். மேடையில் ஏறினால் சபையைக் கட்டிப்போடும் பேச்சாளர். 1942-ஆம் ஆண்டு நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியின் முதல்வராகி, 1950 வரை அப்பொறுப்பில் இருந்தார். இன்று அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டிப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அவர் முதல்வராக இருந்த அந்த எட்டு ஆண்டுகள்தான் நம் நாட்டின் தலைவிதியை நிர்ணயித்த ஆண்டுகள். போர் முடிந்தது, வெள்ளையர் வெளியேறினர், நாடு பிரிந்தது, அரசியல் சட்டம் எழுதப்பட்டது. அந்தச் சட்டம் எழுதப்பட்ட மண்டபத்தில் இந்த அங்கி அணிந்த குருவுக்கும் ஓர் ஆசனம் கிடைத்தது. அதன் அருமை விளங்க வேண்டுமானால், அதற்கு முன் கிறிஸ்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பிளவுபட்ட வீடு

தமிழ்நாட்டில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டு சபையாருக்கும் இருந்த பகை நேற்று முளைத்ததல்ல. தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன் வந்து இறங்கிய சில ஆண்டுகளிலேயே சொற்போர் தொடங்கிவிட்டது. நம் வீரமாமுனிவரே அவர்களை மறுத்து வேதவிளக்கம், பேதகமறுத்தல் முதலிய நூல்களை எழுதினார். நாம் அவர்களைப் பதிதர் என்றோம். அவர்கள் நம்மை விக்கிரக வணக்கத்தார் என்றார்கள். கடவுளுக்கு வைத்த பெயரில்கூட ஒற்றுமை இல்லை. நம் செபப் புத்தகத்தில் அவர் சர்வேசுரன்; அவர்கள் புத்தகத்தில் பராபரன், பின்பு தேவன். ஒரே தெருவில் இரண்டு கோவில்; ஒரு குடும்பத்தில் கலப்புத் திருமணம் நடந்தால் இரு பக்கமும் கண்ணீர்.

இந்தப் பிளவு அரசியலிலும் தெரிந்தது. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் இந்தியக் கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி கிடைத்தது. அதாவது, கிறிஸ்தவ வேட்பாளருக்குக் கிறிஸ்தவர் மட்டுமே வாக்களிப்பது. பொதுவாகக் கத்தோலிக்கத் தலைவர்கள் அதை விரும்பினர். புராட்டஸ்டண்டு சபைகளின் படித்த தலைவர்கள் பலர் அதை எதிர்த்தனர். நாட்டு மக்களிடமிருந்து அது நம்மைப் பிரிக்கும் வேலி என்பது அவர்கள் வாதம். 1931-இல் லண்டனில் கூடிய இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் இது உலகறிய வெளிப்பட்டது. தஞ்சைத் தரணியைச் சேர்ந்த கத்தோலிக்கரான சர் ஏ.டி. பன்னீர்செல்வம் தனித்தொகுதி வேண்டும் என்று நின்றார். ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த புராட்டஸ்டண்டுத் தலைவர் எஸ்.கே. தத்தா வேண்டாம் என்று நின்றார். இருவரும் நல்லவர்கள்; இருவரும் சமூகத்தின் நலத்தையே நாடினார்கள். ஆனால் ஒரே ஆண்டவரின் பெயரைத் தாங்கிய இருவர் அந்நிய நாட்டு மேசையில் எதிரும் புதிருமாகப் பேசியது ஒரு வருத்தமான காட்சியே.

சேர்ந்து உட்கார்ந்த நாள்

சுதந்திரம் வாசலுக்கு வந்தபோது இரு தரப்பாருக்கும் ஓர் உண்மை உறைத்தது. நாட்டு மக்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகமாக உள்ள நாம், இரண்டு குரலில் பேசினால் யார் காதிலும் விழாது. 1945 அக்டோபரில், பெரும்பாலும் புராட்டஸ்டண்டாரைக் கொண்ட அகில இந்திய இந்தியக் கிறிஸ்தவர் மாநாடும், கத்தோலிக்கரின் சங்கமான இந்தியக் கத்தோலிக்க யூனியனும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்தன. வரப்போகும் அரசியல் சட்டத்தில், சமயத்தை ஏற்கவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை உறுதி செய்யப்பட வேண்டும். சமயம் மாறியதற்காக ஒருவரும் குடியுரிமையில் எந்த நட்டமும் அடையக்கூடாது என்று தீர்மானித்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் பாப்பரசரின் அதிகாரம் பற்றிப் பேசி முடித்துவிட்டுக் கூட்டுச் சேரவில்லை. ஞானஸ்நானம், நற்கருணை, மாதா வணக்கம் ஆகிய எதிலும் ஒத்துப்போனதாகப் பாவனை செய்யவும் இல்லை. அக்காலத்துத் திருச்சபைச் சட்டப்படி, பிற சபையாரின் வழிபாட்டில் கத்தோலிக்கர் பங்கெடுப்பதே தடுக்கப்பட்டிருந்தது. பீடத்தண்டை சேர முடியாதவர்கள் பொதுமேசையண்டை சேர்ந்தார்கள். விசுவாசத்தில் விட்டுக்கொடுக்காமல், பொது நன்மையில் கைகோத்தார்கள். அருட்தந்தை ஜெரோம் டெல்லிக்குப் போவதற்கு முன்பே இப்படி ஒரு பாதை போடப்பட்டிருந்தது.

அரசியல் நிர்ணய சபையில்

1946-ஆம் ஆண்டு மாகாணச் சட்டசபைகள் அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. சென்னை மாகாணத்தின் சார்பில் அருட்தந்தை ஜெரோம் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பெயர் பட்டியலில் இடம்பெற ராஜாஜி காரணமாக இருந்தார் என்று சொல்வார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் சபை கூடியது.

அங்கே அவருக்குக் கிடைத்த தோழர்களைப் பாருங்கள். கல்கத்தாவின் ஆங்கிலப் பேராசிரியர் ஹரேந்திர குமார் முகர்ஜி, புராட்டஸ்டண்டு; சபையின் துணைத் தலைவராகவும், சிறுபான்மையோர் துணைக் குழுவின் தலைவராகவும் இருந்தார். அஸ்ஸாம் மலைநாட்டிலிருந்து வந்த ஜே.ஜே.எம். நிக்கல்ஸ் ராய், சுவிசேஷ எழுப்புதல் சபையைச் சேர்ந்த போதகர். அக்காலத்தில் நம்மவர்கள் அவரோடு ஒரே பந்தலில் நிற்கவே தயங்கியிருப்பார்கள். பஞ்சாபு அரச குடும்பத்தில் வந்த ராஜகுமாரி அம்ருத் கவுர், காந்தியடிகளின் சீடர். இவர்கள் நடுவே லயோலா கல்லூரியின் சேசு சபைக் குரு.

எல்லாரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. சமயத்தைக் கடைப்பிடிக்கும் உரிமை என்று தாராளமாக எழுதிவிட்டால், தேவதாசி முறையும் பர்தாவும் அதன் நிழலில் பிழைத்துக்கொள்ளுமே என்று அம்ருத் கவுர் அஞ்சினார். சமூகச் சீர்திருத்தத்துக்குச் சட்டம் தடையாகாது என்று இன்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருப்பதில் அந்த அச்சத்தின் பயன் தெரிகிறது.

பரப்பவும் என்ற சொல் முதல் வரைவில் இல்லை. 1947 ஏப்ரலில் சிறுபான்மையோர் துணைக் குழுவில் அதை வற்புறுத்தியவர் நம் சென்னையைச் சேர்ந்த கத்தோலிக்கர் மரியதாஸ் ரத்தினசாமி. பச்சையப்பன் கல்லூரியிலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் முதல்வராக இருந்தவர் அவர். அதே மாதம் கூட்டுக் குழுவும் 13 அம்சங்கள் கொண்ட மனு ஒன்றை அனுப்பியது. மே 1-ஆம் நாள் சபை அந்தச் சொல்லை ஏற்றது. காங்கிரசாரில் பலருக்கு அது பிடிக்கவில்லை என்றாலும், கிறிஸ்தவ நண்பர்களின் மனத்தை மதித்து இணங்கினோம் என்று புருஷோத்தம தாஸ் டாண்டன் வெளிப்படையாகவே சொன்னார்.

1948 டிசம்பரில் அந்தப் பிரிவு மறுபடி விவாதத்துக்கு வந்தபோது, சொல்லை நீக்க வேண்டும் என்று கடுமையாகப் பேசியவர்கள் உண்டு. அப்போது அதைக் காக்க எழுந்தவர்கள் யார்? இந்து சமயத்தவரான லட்சுமி காந்த மைத்ரா, நம் தமிழகத்தின் எல். கிருஷ்ணசாமி பாரதி, கே. சந்தானம், டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஆகியோர். தாம் பல ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்தும் ஒருவரும் தம்மை மதம் மாற்ற முயலவில்லை என்று கிருஷ்ணமாச்சாரி சாட்சி சொன்னார். கே.எம். முன்ஷியோ, இது கிறிஸ்தவ சமூகத்தோடு செய்துகொண்ட சமரசம், அதை மீறலாகாது என்றார். இன்று அது நம் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. அந்தச் சொல் கிறிஸ்தவனுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. எல்லா மனிதருக்கும் எழுதப்பட்டது. நமக்கென்று தனிச் சலுகை கேட்டிருந்தால் நமக்காகப் பேச யார் எழுந்திருப்பார்?

ஒரு தியாகமும் அதன் கணக்கும்

1947 ஆகஸ்டில் சபை ஏற்ற ஏற்பாட்டின்படி, தனித்தொகுதி நீங்கினாலும், மத்திய சட்டசபையிலும் சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் கிறிஸ்தவருக்கு ஒதுக்கீட்டு இடங்கள் இருந்தன. 1949 மே மாதம் அவற்றையும் விட்டுவிடலாம் என்ற தீர்மானத்தை ஆலோசனைக் குழுவில் கொண்டுவந்தவர் முகர்ஜி. சபையில் அது விவாதிக்கப்பட்டபோது அருட்தந்தை ஜெரோம் ஆதரித்துப் பேசினார். 1931-இல் லண்டனில் எதிரெதிராக நின்ற இரண்டு மரபுகள், 18 ஆண்டுகளுக்குப் பின் டெல்லியில் ஒரே முடிவுக்கு வந்தன. பெரும்பான்மையினரின் நல்லெண்ணத்தை நம்பி வாழ்வதே மேல் என்பது அவர்களின் துணிபு. நாடு பிரிந்து இரத்தம் சிந்திய காயம் ஆறாத வேளையில் அப்படி நம்பியது சிறிய காரியமல்ல.

ஆனால் உண்மையை மறைத்து எழுதினால் இது மரியாதையாகாது. அந்தத் தியாகத்தைச் செய்தவர்கள் படித்தவர்கள். வாசல்கள் தங்களுக்குத் திறக்கும் என்று நம்பக்கூடிய நிலையில் இருந்தவர்கள். அடுத்த ஆண்டே, 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள், குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. பட்டியல் இனத்தாருக்குரிய சலுகைகள் இந்துக்களுக்கும் சீக்கியரில் சில பிரிவினருக்கும் மட்டுமே என்றது. கிறிஸ்துவை ஏற்ற தலித் மக்கள் வெளியே நின்றார்கள். ஒதுக்கீட்டு இடங்களை விட்டது வேறு, இந்த ஆணை வேறு என்பது மெய்தான். எனினும் நம் சபைகளின் பெரும்பகுதி மக்கள் எந்தக் குடிசைகளிலிருந்து வந்தார்களோ, அவர்களுடைய குரல் அந்த மண்டபத்தில் போதுமான அளவு கேட்கவில்லை. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் சேர்ந்து ஒரு சொல்லை வென்றார்கள். தங்கள் சொந்த வீட்டின் கடைசிப் பந்தியில் இருந்தவனை அவர்கள் கவனித்தது போதாது. 1956-இல் சீக்கியர் அனைவருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் அந்த ஆணை திருத்தப்பட்டது. நம் மக்கள் இன்றும் காத்திருக்கிறார்கள். ஆகஸ்டு 10-ஐக் கறுப்பு நாளாக இப்போது எல்லாச் சபைகளும் சேர்ந்தே அனுசரிக்கின்றன. 2022-இல் மத்திய அரசு இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்தது.

மயிலைக்கு வந்த விடுதலை

நம் மயிலாப்பூருக்கும் அருட்தந்தை ஜெரோமுக்கும் ஓர் உறவு உண்டு. 1606-இல் உருவான சாந்தோம் மயிலை மறைமாவட்டத்துக்கு ஆயரைக் குறித்து அனுப்பும் உரிமை போர்த்துக்கல் அரசிடம் இருந்தது. பதுரவாதோ என்று நம் முன்னோர் சொன்னது இதுதான். சுதந்திர நாட்டில் அந்நிய அரசு ஆயரைக் குறிப்பது பொருந்துமா? பிரதமர் நேருவுக்கும் திருச்சபைக்கும் இடையே இவ்விஷயம் சுமுகமாக முடிய உதவியவர்களில் அருட்தந்தை ஜெரோமும் ஒருவர். 1950 ஜூலை 18-ஆம் நாள் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் அந்த உரிமை நீங்கியது. 1952-இல் சென்னையும் மயிலையும் இணைந்து ஒரே உயர்மறைமாவட்டமாயின. மேதகு லூயிஸ் மத்தியாஸ் முதல் பேராயரானார்.

1949 தொடங்கிப் பலமுறை ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக்கு இந்தியத் தூதுக்குழுவில் ஒருவராக அருட்தந்தை ஜெரோம் சென்றார். 1951-இல் பூனாவில் இந்தியச் சமூக நிலையத்தைத் தொடங்கினார். பின்னர் அது டெல்லிக்கு மாறியது. சர்தார் பணிக்கர் தம் நூலில் கிறிஸ்தவ மிஷன்களை அந்நிய ஆதிக்கத்தின் கருவியென எழுதியபோது, 1957-இல் அதற்குப் பதில் நூல் எழுதினார்.

அதே ஆண்டு அவரை ரோமைக்கு அழைத்தார்கள். சேசு சபைத் தலைமையகத்தில் இந்தியப் பகுதிக்குரிய துணைவராகப் பத்தாண்டுக்கு மேல் பணிபுரிந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடிய காலம் அது. 1964 நவம்பர் 21-ஆம் நாள் வெளியான கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு, பிரிந்த சகோதரர்களோடு சமூகக் காரியங்களில் ஒத்துழைக்கும்படி நமக்குக் கற்பித்தது. இந்தியாவின் கத்தோலிக்கர் அதற்கு 19 ஆண்டுகள் முன்பே அந்தப் பாடத்தின் முதல் பக்கத்தை எழுதிப் பார்த்திருந்தார்கள் என்று நாம் பெருமைப்படலாம்.

தாயகம் திரும்பிய அவர் 1977-இல் தம் எண்பதாவது வயதில் ஆண்டவரில் இளைப்பாறினார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று தீர்ப்புக் கூறியிருந்தது. வழக்கில் நின்றவர் ஒரு கத்தோலிக்கக் குரு. தீர்ப்பு எல்லாச் சபையாரையும் பாதித்தது. 1997-இல் அருட்தந்தை ஜெரோமின் பிறப்பு நூற்றாண்டை ஒட்டி அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது.

பெரியவருக்குப் பதில்

2002 அக்டோபரில் தமிழக அரசு மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அக்டோபர் 24-ஆம் நாள் தமிழகமெங்கும் கிறிஸ்தவப் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. எது கத்தோலிக்கப் பள்ளி, எது சி.எஸ்.ஐ. பள்ளி என்று அன்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 2004-இல் அரசு அந்தச் சட்டத்தை விலக்கிக்கொண்டது.

என்னைக் கேள்வி கேட்ட பெரியவருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். நம் மாதாவின் செபமாலையை நாம் விட்டுவிடப் போவதில்லை. அவர்களும் தங்கள் பிரசங்கத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. அது ஆண்டவர் தீர்க்க வேண்டிய வழக்கு. ஆனால் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் நம் பாட்டனாரும் அவர்கள் பாட்டனாரும் ஒரே மதிலுக்குள் உறங்குகிறார்கள். செத்தபின் அருகருகே படுக்கத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கையில் ஒரு மனுவில் அருகருகே பெயர் எழுதினால் விசுவாசம் குறைந்துபோகாது.

கையெழுத்திடும்போது இரண்டு காரியங்களை மட்டும் பார்த்துக்கொள்வோம். நாம் கேட்பது நமக்கு மட்டுமா, எல்லாருக்குமா? நம் பந்தியின் கடைசியில் இருப்பவனுக்கும் அதில் பங்கு உண்டா? முதற் கேள்வியில் அந்தத் தலைமுறை தேறியது. இரண்டாம் கேள்வியை நமக்கு மிச்சம் வைத்துப் போயிருக்கிறது. இந்த ஜூபிலி ஆண்டில் அதையும் கையிலெடுக்க ஆண்டவர் நமக்கு அருள் புரிவாராக.

உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை